பெடல் மிதிக்க ஒரு ஆள்

ஜீப்பின் பின் ஆக்சிலைத் தனி ஆளாக மாற்ற முடியாது என்று சொன்னவர்கள் எல்லாரும் ஒரு தடவை என் ஷெட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம். மாற்றிவிட்டேன். யாரும் கைகொடுக்கவில்லை, யாரையும் நான் கூப்பிடவும் இல்லை. இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் வீம்பு தெரியும். தெரியட்டும். இப்போது என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

வண்டியின் பெயர் எருமை. வைத்தது என் மனைவி. மெதுவாகப் போகும், சேற்றைக் கண்டால் உட்கார்ந்துகொள்ளும், அடித்தாலும் நகராது, ஆனால் மலை ஏறு என்றால் ஏறிவிடும் என்பாள். மலைமேல் மின்கோபுர வேலைக்கு வருகிற ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. தார் ரோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் என் சவாரி ஆரம்பிக்கும். போன மாதம் பாறையில் ஏறி இறங்கும்போது பின்னால் டமார் என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் ஆக்சில் ஹவுசிங் நடுவில் விரிசல் விட்டு, எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கிறது. வெல்டிங் வைத்து ஓட்டு, ஒன்றும் ஆகாது என்றார் பட்டறைக்காரர். ஆள் ஏற்றுகிற வண்டியில் ஒட்டுப்போட்ட ஆக்சிலா? உன் மாமியாரை உட்காரவைத்து ஓட்டிக் காட்டு என்றேன். அதோடு அவரும் என்னுடன் பேசுவதில்லை.

என் மனைவி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதற்குமேல் சொல்ல என்னால் ஆகாது. வீட்டில் இப்போது அடுப்பு ஒரு வேளை எரிந்தால் அதிகம். ஒரு தட்டு, ஒரு டம்ளர், அதையே கழுவிக் கழுவி வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். வீட்டைவிட அங்கேதான் அதிகமாக இருக்கிறேன். அங்கே சத்தமாவது இருக்கும்.

என்னைக் கூப்பிட்டுப் பேச இந்த உலகத்தில் இனி ஒருத்திதான் பாக்கி. என் மனைவியின் தங்கை. வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். வாரம் தவறாமல் போன் செய்கிறாள். நான் எடுப்பதில்லை.

கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே குரல். முகம் வேறு, உயரம் வேறு, நடை வேறு. குரல் மட்டும் அச்சு அசல். கல்யாணமான புதிதிலேயே இதில் நான் ஏமாந்திருக்கிறேன். சின்னவள் போன் செய்து, "ஏங்க, மத்தியானம் சாப்பிட்டீங்களா இல்லையா?" என்று அதட்டுவாள். நானும் மனைவிதான் என்று நினைத்து, சாப்பிட்டேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்று கைகட்டிப் பதில் சொல்வேன். அந்தப் பக்கம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் மனைவி போய், காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்துபோன பிறகு ஒரு நாள் போன் அடித்தது. எடுத்தேன். "ஹலோ" என்றது. அவளேதான் என்று ஒரு நொடி நம்பிவிட்டு, போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எடுப்பதில்லை.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? உன் குரலைக் கேட்டால் எனக்கு உயிர் போகிறது, அதனால் பேசாதே என்று ஒரு பெண்ணிடம் சொல்ல முடியுமா? இப்படியே போனால் ஒரு நாள் அவளும் சலித்துப்போய் விட்டுவிடுவாள். அப்புறம் அத்தான் என்று என்னைக் கூப்பிட ஆளிருக்காது. அது தெரிந்தும், போன் அடிக்கும்போதெல்லாம் அது அடங்குகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

சரி, ஆக்சிலுக்கு வருகிறேன். பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்தில் இதே மாதிரி ஜீப்பின் ஆக்சில் ஒன்று கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. முன் ஆக்சிலில் இருக்கிற அதே பல்சக்கரக் கணக்கு பின்னாலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும்போது முன்னது ஒரு வேகம், பின்னது ஒரு வேகம் என்று இரண்டும் சண்டைபோட்டு ஏதாவது ஒன்று உடையும். சக்கரம் மாட்டுகிற டிரம்மில் சாக்பீஸால் கோடு போட்டு, கையால் சுற்றி, நடுவில் இருக்கிற தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். பொண்ணு பார்க்க வந்தவர்கூட இவ்வளவு பார்த்ததில்லை என்றார். நான் பார்த்துத்தான் கட்டினேன், பதினெட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வாடகை வண்டியில் ஏற்றி வரும்போதுதான் ஏன் அந்தப் பேச்சை எடுத்தோம் என்று இருந்தது.

பழையதைக் கழற்றுவது பெரும்பாடு. அடிச்சட்டத்துக்கு ஸ்டாண்டு கொடுத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினேன். ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கிற யூ-போல்ட்டுகள் துருப்பிடித்து, தலைகீழாக நின்றாலும் அசையமாட்டேன் என்றன. ஆயில் ஊற்றி ஊறவைத்துப் பார்த்தேன், சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கெட்ட வார்த்தை சொல்லியும் பார்த்தேன். கடைசியில் கட்டிங் மெஷினை வைத்து அறுத்தெடுத்தேன். ஆக்சிலை இறக்க ஜாக்கியின் மேல் ஒரு மரக்கட்டை, அதன் மேல் பழைய டயர். இந்தப் பக்கம் கொஞ்சம் இறக்கிவிட்டு, வண்டிக்கடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் இறக்கி, மறுபடி இந்தப் பக்கம். இன்னொரு ஆள் இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை எனக்கு ஒரு பகல் முழுக்க இழுத்தது. புதியதை உள்ளே தள்ளி, பட்டையின் நடு ஆணியை அதன் குழியில் உட்காரவைக்கும்போது மட்டும் வாய் தானாக, "அந்த டார்ச்சக் கொஞ்சம் இப்படிக் காட்டு" என்றது. யாரும் காட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, விரலால் தடவிப் பார்த்தே உட்காரவைத்தேன்.

ஜாயிண்ட் தண்டு மாட்டியாயிற்று. ஹேண்ட் பிரேக் கேபிள், ஆக்சிலுக்குள் ஊற்றுகிற கிரவுன் ஆயில், எல்லாம் முடிந்தது. பிரேக் பைப்பையும் மாட்டினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பிரேக் பைப்பைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்துக் கடைசியில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, சின்ன நிப்பிளைத் திறந்து, காற்றும் ஆயிலும் பீச்சியதும் மூட வேண்டும். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். இதற்குத்தான் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு. நான் கீழேயிருந்து "மிதி" என்பேன். அப்புறம் "பிடி" என்பேன். மேலேயிருந்து "பிடிச்சிருக்கேன்" என்று வரும். திறந்து மூடிவிட்டு "விடு" என்பேன். இத்தனை வருஷமும் அந்த சீட்டில் உட்கார்ந்தது என் மனைவி. வீட்டுக்குள் ஆயிரம் சண்டை இருந்தாலும் இந்த வேலையில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

ஆள் இல்லாமல் செய்யப் பார்த்தேன். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு ஓடிவந்து படுத்தேன். திறந்த நொடியில் கட்டை நழுவி விழுந்தது. நிப்பிளில் குழாய் மாட்டி பாட்டிலுக்குள் விட்டுப் பார்த்தேன். நிப்பிளின் மரை தேய்ந்து கிடந்ததால் அது வழியாகவே காற்று உறிஞ்சிக்கொண்டது. திங்கட்கிழமை வண்டி மலைக்குப் போயாக வேண்டும். ஒரு டன் இரும்பைத் தனியாகப் புரட்டிப் போட்டவன், ஒரு காலுக்கு ஆளில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அழுதேன். ஷெட்டில் ஈ காக்கை இல்லை, யாருக்காக அடக்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்து வாசல் கேட் திறந்தது. எட்டிப் பார்த்தால் சின்னவள், கையில் ஒரு பையோடு. வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நேராக ஷெட்டுக்கே வந்துவிட்டாள். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மைக்கில் நோயாளிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. சனிக்கிழமை அரை நாள். வேலை முடிந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள் போல. நின்றாள், என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். பையைச் சுவரோரம் வைத்தாள். நான் முகத்தைத் துடைத்தேன். கையில் இருந்த கிரீஸெல்லாம் முகத்துக்குப் போயிருக்கும்.

"உக்கார வரல அத்தான்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நான் போன் பண்றது, வர்றது, இதெல்லாம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கா? ஆமான்னா சொல்லிடுங்க. இனிமே பண்ணல."

அந்தக் குரல் அப்படியே வந்து நெஞ்சில் மோதியது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தாங்க முடிந்தது. ஆமாம் என்று சொன்னால் போய்விடுவாள், திரும்ப வரமாட்டாள். இல்லை என்று சொன்னால் இந்தக் குரல் என் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும்.

"பெடல் மிதிக்க ஒரு ஆள் வேணும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கேட்டது என்ன, இந்த மனுஷன் சொல்வது என்ன என்று நினைத்திருப்பாள். ஆனால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எருமைமேல் ஏறி உட்கார்ந்தாள். எப்போது மிதிக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும், நான் சொல்லாமல் காலை எடுத்தால் என்ன கேடு வரும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டாள். பானட்டுக்குள் இருக்கிற பிரேக் ஆயில் கப் நிறைய ஊற்றிவிட்டு, தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பிப்போம் என்று இடது பக்கம் போய்ப் படுத்தேன்.

"மிதி" என்றேன். பெடல் கிறீச்சிட்டது. "மிதி. மிதி. பிடி."

"பிடிச்சிருக்கேன்."

கீழே படுத்திருப்பவனுக்கு முகம் தெரியாது. டயர் தெரியும், டிரம் தெரியும், புது ஆக்சிலின் கறுப்பு தெரியும். குரல் மட்டும் மேலேயிருந்து வரும். என் மனைவி வந்து அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது. தேடி எடுத்து நிப்பிளைத் திறந்தேன். புஸ்ஸென்று நுரை நுரையாகக் காற்று வந்தது. மூடினேன். விடு என்றேன்.

"மிதி. பிடி."

"பிடிச்சிருக்கேன்."

போனில் அந்தக் குரலைக் கேட்கப் பயந்து ஒரு வருஷம் ஓடினவன் நான். இங்கே படுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பயம் போய் ஒரு ஆசை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நுரை நின்று ஆயில் சுத்தமாக, கம்பி இழுத்த மாதிரி வந்தது. வேலை தெரிந்தவன் அங்கே நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. மிதி, பிடி என்றேன். பிடிச்சிருக்கேன் என்றாள். இன்னொரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை. ஆயில் தரையில் ஓடிக் காதோரம் வந்து சட்டைக் காலரை நனைத்தது. அதற்கும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் மேலேயிருந்து தயங்கித் தயங்கி வந்தது. "அத்தான், என்னவோ மாதிரி இருக்கு. பெடல் தொபுக்குனு உள்ள போயிடுச்சு."

எழுந்து ஓடிப் போய்ப் பார்த்தால் ஆயில் கப் காலி. அடியில் ஒரு சொட்டு இல்லை. நான் ஊற்றாமலேயே இழுத்துக்கொண்டிருந்ததில் ஆயில் தீர்ந்து, காற்று மேலேயிருந்தே உள்ளே இறங்கிவிட்டது. பின்னால் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் செய்ய வேண்டிய வேலை இப்போது நான்கு சக்கரத்துக்கும் என்றாகிவிட்டது. இருபத்தைந்து வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறவன் செய்கிற தப்பா இது? தலையில் அடித்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. கப்பைப் பார்க்கிற வேலை எப்போதுமே என்னுடையதில்லை. நாலு மிதி ஆனதும் என் மனைவிதான் சீட்டிலிருந்து, "ஆயிலப் பாருங்க" என்று கத்துவாள். நான் எழுந்து போய் ஊற்றுவேன். அத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

"நான் ஏதாவது தப்பா மிதிச்சுட்டேனா?" என்றாள் சின்னவள்.

"நீ ஒண்ணும் பண்ணல" என்றேன். பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பக்கம் திரும்பவில்லை. "காத்து எப்பவோ போயிடுச்சு. நான்தான் சும்மா சும்மா மிதிக்கச் சொன்னேன். நீ பேசறது அவ பேசற மாதிரியே இருக்கு. அதனாலதான் போன் எடுக்கல. இன்னிக்கு அதையே கேட்டுக்கிட்டுக் கெடந்துட்டேன்."

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் நியாயம்தான்.

"எங்க அம்மாவும் அப்படித்தான்" என்றாள். "நான் வாசல்ல நின்னு குரல் குடுத்தா, பெரியவளே வந்துட்டியான்னு உள்ளேர்ந்து ஓடி வர்றாங்க. அப்புறம் என்னப் பாக்கறாங்க. அந்தப் பார்வைய என்னால தாங்க முடியல அத்தான். அதனால வீட்ல நான் இப்பல்லாம் மெதுவாத்தான் பேசறேன். ஆஸ்பத்திரியில நாள் பூரா மைக்குல கத்தறேன், யாரும் ஒண்ணும் சொல்லல. நம்ம ஆளுங்கதான் என் குரலக் கேட்டா ஓடறீங்க. எனக்கு மட்டும் அவ அக்கா இல்லையா?"

ஒரு வருஷமாக என் துக்கம் என் துக்கம் என்று கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அந்தக் குரலைச் சுமந்துகொண்டு ஒருத்தி வீட்டுக்குள்ளேயே பயந்து பயந்து பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. புது டப்பாவை உடைத்துக் கப்பில் ஆயில் ஊற்றினேன். அவள் சீட்டில் நேராக உட்கார்ந்து காலைப் பெடல்மேல் வைத்தாள். மறுபடி முதலிலிருந்தா என்று கேட்டாள். ஆமாம், நான்கு சக்கரமும் என்றேன்.

போய்ப் படுத்தேன். மிதி என்றேன், பிடி என்றேன்.

"பிடிச்சிருக்கேன் அத்தான்."

முதலில் எனக்குப் புரியவில்லை. அடுத்த தடவையும், அதற்கடுத்த தடவையும் அவள் அப்படியே சொன்னாள். குரல் எழும்பும்போது என் மனைவி. முடியும்போது 'அத்தான்' என்று வந்து, அது அவளில்லை என்று ஆக்கிவிடும். என் மனைவி ஒரு நாளும் என்னை அத்தான் என்று கூப்பிட்டதில்லை. சின்னவள் வேண்டுமென்றேதான் சொல்கிறாள் என்று இரண்டாவது சக்கரத்துக்குப் போகும்போது தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு தடவையும் வலித்தது. ஆனால் வேலை ஓடியது. நானே எழுந்து போய் கப்பைப் பார்த்தேன், நானே ஊற்றினேன். நான்காவது சக்கரம் முடிந்து அவள் காலை வைத்தபோது பெடல் கல் மாதிரி நின்றது.

கை கழுவிக்கொண்டு, இருக்கிற ஒரு டம்ளரில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். நான் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன். அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். எருமையிலேயே கொண்டுபோய் விடட்டுமா என்றேன். நீங்க மொதல்ல ஓட்டிப் பாருங்க, அது நிக்குதான்னு தெரிஞ்சப்புறம் நான் ஏறறேன் என்றாள். அக்காவைவிட இவளுக்கு வாய் அதிகம். பஸ் ஸ்டாப் வரை நடந்து போய் ஏற்றிவிட்டேன். கேட்க வந்ததை அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ் போனது.

திரும்பி வந்து எருமையைத் தெருவில் இறக்கி ஒரு சுற்று ஓட்டினேன். ஆக்சில் சத்தமில்லாமல் சுற்றியது. தெருமுனையில் பிரேக்கை மிதித்தேன், அழகாக நின்றது. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. பக்கத்து சீட்டைப் பார்த்து, எப்படி என்று கேட்கத் திரும்பினேன். பழக்கம். திருப்பிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டேன்.

வண்டியை அணைக்கும்போது போன் அடித்தது. சின்னவள். வழக்கம்போல அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கை கிரீஸாக இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொன்னேன். கை சுத்தமாகத்தான் இருந்தது. எடுத்தேன். காதில் வைக்கவே பயமாக இருந்தது. அந்த ஒரு 'ஹலோ' மறுபடியும் வரப்போகிறது, என் மனைவி ஒரு நொடி வந்துவிட்டுப் போகப்போகிறாள் என்று காத்திருந்தேன். நிஜத்தைச் சொன்னால், அந்த ஒரு நொடிக்காகத்தான் எடுத்தேன்.

"அத்தான்" என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "நான்தான் அத்தான்."

ஹலோ வரவில்லை. அந்த ஒரு நொடியும் இல்லை. என் மனைவி வரவில்லை, இனி இந்த போனில் வரமாட்டாள்.

வண்டிக்குள் உட்கார்ந்தபடியே காலைப் பெடல்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லும்மா" என்றேன். "வீட்டுக்குப் போயிட்டியா?"